அச்சையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

பிளஸ் டூ முடிவுகள் வரும்போதெல்லாம் தேர்ச்சி விகிதத்தைக் கோட்டு வரைபடமாகப் போடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் செங்குத்து அச்சு எந்த எண்ணில் தொடங்குகிறது, ஒரு கட்டத்துக்கு எவ்வளவு என்று பலரும் கவனிப்பதில்லை.

தமிழகத்தில் 2022-இல் 93.76 சதவீதம், 2023-இல் 94.03, 2024-இல் 94.56, 2025-இல் 95.03. அச்சை 93-இல் தொடங்கி 0.5 இடைவெளியில் வரைந்தால் கோடு மலையேறுவதுபோலத் தெரியும். பூஜ்யத்திலிருந்து 20, 40 என்று போனால் கிட்டத்தட்ட படுத்தேவிடும். மூன்று ஆண்டுகளில் கூடியது என்னவோ 1.27 புள்ளிதான்.

அதற்காக எல்லாமே பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்று சொல்லவில்லை. காய்ச்சல்காரரின் வெப்பநிலையை அப்படி வரைந்தால் 98.6-க்கும் 102-க்கும் உள்ள வித்தியாசமே கண்ணில் படாது. பட்டை வரைபடத்தில்தான் பூஜ்யம் அவசியம். அங்கே பட்டையின் நீளமே அளவு.

அப்புறம் கிடைமட்ட அச்சு. 2001, 2011, 2022, 2023 என ஆண்டுகளைச் சம தூரத்தில் அடுக்கினால், பத்தாண்டு மாற்றமும் ஓராண்டு மாற்றமும் ஒரே அகலத்தில் வந்துவிடும். இன்னொன்று: 2021-இல் கொரோனாவால் பொதுத்தேர்வு நடக்கவில்லை, எல்லோருக்கும் தேர்ச்சி. அந்த ஆண்டையும் சேர்த்துக் கோடு இழுத்தால், 2022-இல் எழுதியவர்கள் சறுக்கியதாகத் தோன்றும். கஷ்டப்பட்டுப் படித்த அந்தப் பிள்ளைகளுக்கு இது பெரிய அநியாயம்.

அச்சு பூஜ்யத்தில் தொடங்காவிட்டால் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். தேர்வு நடக்காத ஆண்டில் கோட்டை உடைத்துக் காட்டுங்கள். கணித ஆசிரியர்களும் ஒரே எண்களை இரண்டு அளவுத்திட்டங்களில் மாணவர்களை வரையச் சொல்லலாம்; ஒரு வகுப்பு நேரம் போதும்.

ஒரு வாசகர்,
திருச்சி