தன் தோல்வியைத் தானே வாசித்தவர்கள்

ராக்வில், மேரிலாந்து
ஜனவரி 6, 2026

அன்புள்ள அம்மு,

நலமா? சியாட்டிலில் மழை விட்டபாடில்லை என்று அம்மா சொன்னாள். காலில் ஈரம் படாமல் பார்த்துக்கொள். நாங்கள் இருவரும் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதே இரண்டு நாளாக மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. "ஜனவரி 6 வந்தாலே வயிற்றைப் பிசைகிறது அப்பா. இனிமேல் இந்த நாட்டில் தோற்றவர் யாரும் தோற்றேன் என்று சொல்லப்போவதில்லை. அப்புறம் ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது?" என்றாய். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அதிபர் தேர்தலில் மாநிலங்களின் ஓட்டை நாடாளுமன்றம் கூடி எண்ணி முடிவை அறிவிக்கும் நாள் அது. உனக்கு ஜனவரி 6 என்றால், நாடாளுமன்றக் கட்டடமான கேபிடலுக்குள் கூட்டம் புகுந்த 2021 மட்டும்தான். எனக்கு அதே தேதியில் இன்னும் இரண்டு உண்டு. இந்த வருடம் மூன்றுமே கணக்காக வந்து நிற்கின்றன. 1961 நடந்து 65 வருடம், 2001 நடந்து 25, 2021 நடந்து 5.

2001இல் அது ஒரு சனிக்கிழமை. உனக்கு ஆறு வயது. பழைய அபார்ட்மென்டில், பழுப்பு நிறக் கம்பளத்தில் உட்கார்ந்து அமெரிக்க மாநிலங்களின் மரப் புதிரை அடுக்கிக்கொண்டிருந்தாய். டிவியில் கேபிடல் கட்டடத்திலிருந்து நேரலை. ஒவ்வொரு மாநிலமாக அகர வரிசையில் அலபாமா, அலாஸ்கா என்று பெயர் சொல்லி ஓட்டுக் கணக்கை வாசித்தார்கள். பெயர் காதில் விழுந்ததும் அந்தத் துண்டைத் தேடி எடுத்து வைப்பாய். ஃப்ளோரிடா வந்ததும் வாசிப்பு நின்றுவிட்டது. நீ அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு டிவியையே பார்த்தாய். கடைசியில் பொறுமை இழந்து கடிக்கவே தொடங்கிவிட்டாய்.

நான் குடியுரிமை வாங்கி முதன்முதலாக ஓட்டுப் போட்ட தேர்தல் அது. ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்குப் போட்டேன், எதிரில் நின்றவர் புஷ். நாடு முழுக்கச் சேர்த்தால் அவருக்கு ஐந்து லட்சம் ஓட்டுக்கும் மேல் அதிகம். ஆனால் இங்கே மாநிலத்துக்கு இத்தனை ஓட்டு என்று தனிக் கணக்கு, பெரும்பாலும் அங்கே வென்றவருக்கே அத்தனையும் போகும். அந்தக் கணக்கில் ஃப்ளோரிடாவில் 537 ஓட்டில் எல்லாம் போயிற்று. மறுபடி எண்ணிக்கொண்டிருந்ததை உச்ச நீதிமன்றம் டிசம்பர் 12ஆம் தேதி, ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பில் நிறுத்தியது. அது தவறான தீர்ப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மறுநாள் இரவு கோர் டிவியில் வந்து, தீர்ப்பில் தனக்கு உடன்பாடு இல்லை, ஆனாலும் ஏற்கிறேன் என்றார்.

அதற்கப்புறம் வந்ததுதான் அந்தச் சனிக்கிழமை. துணை அதிபர்தான் செனட் சபைக்குத் தலைவர். இரண்டு சபையும் கூடி மாநிலங்களின் ஓட்டை எண்ணும்போது அவரே நாற்காலியில் இருக்க வேண்டும். அப்போது துணை அதிபர் யார்? தோற்ற கோர்தான். ஃப்ளோரிடா என்றதும் அவருடைய கட்சிக்காரர்களே, பெரும்பாலும் கறுப்பின உறுப்பினர்கள், ஒருவர் பின் ஒருவராக மைக்குக்கு வந்து ஆட்சேபம் சொன்னார்கள். அவர்களுடைய மக்கள் ஓட்டுப் போட முடியாமல் திருப்பி அனுப்பப்பட்ட கோபம் அது. சட்டப்படி ஆட்சேபத்தில் ஒரு செனட்டரும் கையெழுத்துப் போட வேண்டும். நூறு செனட்டர்களில் ஒருவரும் போடவில்லை. வந்த ஒவ்வொருவரிடமும் கோர் அதையே கேட்டார், கையெழுத்து இல்லை என்றதும் உட்காரச் சொன்னார். அவர்களில் ஒருவரான மேக்சின் வாட்டர்ஸ், "செனட்டர் கையெழுத்து இல்லாததைப் பற்றி எனக்குக் கவலை இல்லை" என்றார். "விதிகளுக்குக் கவலை உண்டு" என்றார் கோர்.

நான் டிவியைப் பார்த்துக் கத்தினேன். "உனக்காகத்தானேய்யா அவர்கள் பேசுகிறார்கள்! அவர்களையே உட்கார வைக்கிறாயே!" அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். கடைசியில் கோரே அறிவித்தார். புஷ்ஷுக்கு 271, தனக்கு 266. புதிய அதிபரையும் துணை அதிபரையும் கடவுள் ஆசீர்வதிக்கட்டும் என்று சொல்லி முடித்தார். நான் டிவியை அணைத்துவிட்டு வெளியே போய் ரொம்ப நேரம் குளிரில் நடந்தேன். அன்றைக்கு எனக்கு அவர் கோழையாகத் தெரிந்தார்.

அந்த எண்ணம் மாற வருடங்கள் ஆயின. 1961 பற்றிப் படித்தது ஒரு காரணம். அப்போது துணை அதிபராக நாற்காலியில் இருந்தவர் ரிச்சர்ட் நிக்சன். கென்னடியிடம் தோற்றிருந்தார். அந்தத் தேர்தலில்தான் முதல் முறையாக ஓட்டுப் போட்ட ஹவாய் மாநிலத்திலிருந்து இரண்டு பட்டியல்கள் வந்தன. முதல் எண்ணிக்கையில் நிக்சன் 141 ஓட்டில் ஜெயித்ததாகச் சான்றிதழ். மறு எண்ணிக்கையில் கென்னடி 115 ஓட்டில் முந்தியதாக இன்னொன்று. இரண்டும் நிக்சன் கையில். கென்னடியின் பட்டியலையே எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. கென்னடி 303, தனக்கு 219 என்று வாசித்தார். எவ்வளவு நெருக்கமான போட்டியானாலும் தோற்றவர்கள் தீர்ப்பை ஏற்று, வென்றவர்களை ஆதரிப்பார்கள் என்றும் சொன்னார்.

அதே நிக்சன் 1974 ஆகஸ்டில் வாட்டர்கேட் ஊழலால் பதவியை விட்டுப் போனவர். அவரை உத்தமர் என்று சொல்ல வரவில்லை அம்மு. அவருக்கு நூறு வருடம் முன்பு, 1861 பிப்ரவரியில், தான் தோற்றதையும் லிங்கன் வென்றதையும் பிசகில்லாமல் வாசித்த துணை அதிபர் பிரெக்கின்ரிட்ஜ் அந்த வருடமே அடிமை மாநிலங்களின் படையில் சேர்ந்து லிங்கனின் நாட்டுக்கு எதிராகப் போரிட்டார். ஒரு காகிதத்தை நேர்மையாக வாசிப்பதால் மட்டும் நாடு பிழைத்துவிடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் மனத்தில் எதை வைத்திருந்தாலும், அந்த ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எண்ணை மாற்றவில்லை.

இப்போது உன் 2021. வாசிப்பில் அரிசோனா வரைதான் வந்திருந்தார்கள், கூட்டம் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. நீ அழுதுகொண்டே போன் செய்தாய். தோற்ற அதிபர் தோற்றதை ஒப்புக்கொள்ளாமல், திருடிவிட்டார்கள் என்று இரண்டு மாதம் சொல்லிக்கொண்டே இருந்ததில் வந்த வினை அது. அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் அந்தப் பேச்சு நிற்கவில்லை. உன் கோபத்தில் ஒரு துளியையும் குறைத்துக்கொள் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நீ அன்று சாயங்காலத்தோடு டிவியை அணைத்துவிட்டாய். நான் அணைக்கவில்லை. சபையைக் காலி செய்தபோது அங்கிருந்த ஊழியர்கள் ஓட்டுச் சான்றிதழ்கள் இருந்த மரப் பெட்டிகளை விடாமல் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் அதே பெட்டிகள் திரும்பி வந்தன. துணை அதிபர் மைக் பென்ஸ் கட்டடத்தை விட்டுப் போகவே மறுத்திருந்தார். அதிகாலை மூன்றரை தாண்டி அவர்தான் வாசித்தார். பைடனுக்கு 306, டிரம்ப்புக்கு 232. துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றவரும் அவர்தானே! அவருடைய அரசியலில் எனக்கு ஒன்றும் ஒத்துவராது. ஆனாலும் அந்த நேரத்தில் எழுந்து நின்றேன். கோரைப் பார்த்துக் கத்தியது அப்போது எனக்கு உறுத்தியது.

2022இல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். துணை அதிபருக்கு எண்ணை மாற்றும் அதிகாரம் எதுவும் இல்லை என்று தெளிவாக எழுதிவைத்தார்கள். ஆட்சேபத்துக்கு இனி இரண்டு சபையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் வேண்டும். போன வருடம் இதே நாள், வாஷிங்டனில் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, டிரம்ப்பிடம் தோற்ற துணை அதிபர் கமலா ஹாரிஸ் தன் 226ஐத் தானே வாசித்தார். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. யாரும் பெரிதாகப் பேசவில்லை. தோற்றவர் தோற்றேன் என்று சொல்லவே போவதில்லை என்றாயே, அதைப் பார்த்தாயா நீ?

நான் ரிட்டயர் ஆனதிலிருந்து தேர்தல் நாளில் சாவடி வேலைக்குப் போவது உனக்குத் தெரியும். இங்கே சாவடிக்கு இரண்டு தலைமை ஊழியர்கள், கட்சிக்கு ஒருவராக. 2024இல் என் சாவடியில் குடியரசுக் கட்சியின் சார்பில் இருந்தவர் என் வயதுக்காரர், முழங்கால் வலியோடு விடிகாலை ஆறு மணிக்கே வந்துவிட்டார். இரவு எட்டு மணிக்குக் கதவைச் சாத்தியதும் எந்திரத்திலிருந்து, மளிகைக் கடை ரசீது மாதிரி, நீளமான காகிதம் சுருண்டு சுருண்டு வந்தது. எங்கள் பகுதியில் அவர் கட்சி எப்போதும் பெரிய வித்தியாசத்தில் தோற்கும். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார். அப்புறம் இருவருமாக நாற்காலிகளை மடக்கி வைத்தோம்.

உங்கள் ஊரில் எல்லாமே தபால் ஓட்டு, சாவடியே கிடையாது. ஆனால் ரென்டனில் இருக்கும் தேர்தல் அலுவலகத்தில் எண்ணுவதைப் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். நவம்பரில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடு.

நாளை பார்சல் அனுப்புகிறோம். அம்மா பருப்புப் பொடியும் எள்ளுருண்டையும் செய்திருக்கிறாள். அடியில் அந்த மரப் புதிரை வைத்திருக்கிறேன், பேஸ்மென்டில் கிடைத்தது. ஃப்ளோரிடாத் துண்டின் ஓரத்தில் உன் பல் தடம் இன்னும் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா