பாலர் பள்ளி இரண்டாம் ஆண்டு (கே2) பையனுக்கு அபாகஸ் வகுப்பு: தோழிக்கு ஒரு கடிதம்

செங்காங், சிங்கப்பூர்

அன்புத் தோழி,

உன் கடிதம் வந்தது. அம்மா முட்டிவலி குறைந்து தேக்கா சந்தைக்கு மறுபடியும் போக ஆரம்பித்துவிட்டார் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். உன் பையனுக்கு அடுத்த ஜனவரியில் தொடக்கநிலை ஒன்று என்பதை நம்பவே முடியவில்லை.

அவனை அபாகஸ், அதாவது மணிகளை நகர்த்திக் கணக்கிடும் மணிச்சட்டம், கற்றுத்தரும் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டு, இரண்டு பயிற்சி நிலையங்களின் துண்டுப் பிரசுரங்களை அனுப்பியிருந்தாய். இரண்டையும் படித்தேன். இரண்டிலும் வலது மூளை, நினைவாற்றல், கவனக்குவிப்பு என்றுதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதை நம்பிப் பணம் கட்டாதே. குஜராத்தின் வதோதராவில் ஒரு பள்ளியில் 204 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் மூன்று ஆண்டுகள் அபாகஸ் கற்பித்தார்கள். மற்றவர்களுக்கு அதே நேரத்தில் வழக்கமான கணக்கையே கூடுதலாக நடத்தினார்கள். 2016-இல் வெளிவந்த முடிவின்படி, அபாகஸ் படித்தவர்கள் கூட்டல், கழித்தல், பெருக்கலில் முந்தினார்கள். நினைவாற்றல் போன்ற பொதுத் திறன்களில் வித்தியாசம் இல்லை. தொடக்கத்திலேயே பார்த்ததை மனத்தில் நிறுத்தும் திறன் நன்றாக இருந்த பிள்ளைகள்தான் அதிகப் பலன் பெற்றார்கள். ஆக, இது எண்களோடு பயமில்லாமல் பழகவும் விரைவாகக் கணக்கிடவும் உதவும். அது நல்ல விஷயம்தான், அதற்காகச் சேர்க்கலாம். ஆனால் கேள்வியைப் படித்து, அளவுகளைக் கட்டங்களாகக் காட்டும் கட்டப்படம் வரைந்து தீர்க்கும் வாக்கியக் கணக்குக்கு அபாகஸ் வழி காட்டாது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ கணிதத்தில் இரண்டாம் தாளுக்குக் கால்குலேட்டர் உண்டு, பள்ளியில் தொடக்கநிலை ஐந்திலேயே அதைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எனவே வேகக் கணக்கு கைகொடுப்பது பெரும்பாலும் தொடக்கநிலை நான்கு வரையிலும், பிறகு முதல் தாளிலும்தான்.

பையன் தயாரா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். இருபது பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, விடாமல், இரட்டிக்காமல் எண்ணுகிறானா? நான்கு பொத்தான்களைக் காட்டி உடனே மூடினால், எண்ணாமலே நான்கு என்கிறானா? 14-ஐயும் 41-ஐயும் பிரித்துப் படிக்கிறானா? இருபது நிமிடம் ஒரே வேலையில் உட்காருகிறானா? இந்த நான்கும் வந்துவிட்டால் சேர்க்கலாம். வராவிட்டால் ஆறு மாதம் தள்ளிப்போடு, ஒன்றும் குடி முழுகிவிடாது. நான்கு வயதிலேயே சேர்த்துக்கொள்கிறோம் என்கிற நிலையங்களில் அந்த வயதுக்காரர்கள் முதல் சில மாதங்கள் எண் எழுதவும் வண்ணம் தீட்டவும்தான் செய்வார்கள். அதற்கு அபாகஸ் கட்டணம் எதற்கு?

மணிச்சட்டம் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. கடைகளில் பத்து வரிசை, வரிசைக்குப் பத்து வண்ண மணி என்று விற்பது எண்ணிப் பழகும் பொம்மை. பெரும்பாலான வகுப்புகளில் பயன்படுவது ஜப்பானிய சொரோபான். அதில் ஒவ்வொரு கம்பியிலும் நடுச்சட்டத்துக்கு மேலே 5 மதிப்புள்ள ஒரு மணியும், கீழே 1 மதிப்புள்ள நான்கு மணிகளும் இருக்கும். பழைய சீனக் கடைகளில் பார்த்திருப்பாயே, மேலே இரண்டும் கீழே ஐந்தும் உள்ளது, அது வேறு. பிள்ளைகளுக்குப் பதின்மூன்று கம்பி போதும். மணிகள் சட்டத்தை அசைத்தாலே ஓடுவதாக இருந்தால் வேண்டாம். அடியில் ரப்பர் இல்லாவிட்டால் வழுக்காத விரிப்பு ஒன்றைப் போட்டுக்கொள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அபாகஸின் உயிர் முழுக்க ஐந்தின் நண்பர்கள் (4-உம் 1-உம் போல, சேர்ந்தால் ஐந்தாகும் எண்கள்), பத்தின் நண்பர்கள் (7-உம் 3-உம் போல, சேர்ந்தால் பத்தாகும் எண்கள்) என்ற இரண்டு படிகளில் இருக்கிறது. எந்த நிலையம் நல்லது என்பதும் இங்கேதான் தெரியும். 3 + 4 எடுத்துக்கொள். மூன்று கீழ்மணிகள் நடுச்சட்டத்தைத் தொட ஏறியிருக்கின்றன, மிச்சம் ஒன்றுதான், நான்கை ஏற்ற வழியில்லை. அதனால் மேல்மணியை இறக்கி ஐந்தைச் சேர்த்து, கீழ்மணி ஒன்றைத் திருப்பி இறக்குகிறோம். விடை 7. அடுத்து 8 + 7. இங்கே கம்பியில் இடமே போதாது. பத்துக்கு ஏழின் நண்பன் மூன்று, அதனால் மூன்று கீழ்மணிகளை இறக்கி, இடப்பக்கக் கம்பியில் ஒன்றை ஏற்றினால் 15. இதற்குப் பிறகுதான் பிள்ளைகள் தடுமாறும் இடம், 6 + 7. மூன்றை இறக்க வேண்டும், ஆனால் கீழே ஏறியிருப்பது ஒரு மணிதான். ஆகவே மேல்மணியை மேலே தள்ளி ஐந்தைக் கழித்து, கீழ்மணி இரண்டை ஏற்றி, பிறகு பக்கத்துக் கம்பியில் பத்தைச் சேர்க்க வேண்டும். விடை 13. இரண்டு நண்பர்களும் ஒரே அசைவில் சேரும் இந்தக் கட்டத்தில்தான் அவசரப்படும் நிலையங்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைத்துத் தாண்டிவிடுகின்றன.

தவறான விடையைப் பார்த்தே எங்கே சறுக்கினான் என்று உன்னால் சொல்ல முடியும். 3 + 4-க்கு 8 வந்தால், ஐந்தைச் சேர்த்துவிட்டு ஒன்றை இறக்க மறந்தான். 8 + 7-க்கு 5 வந்தால், மூன்றை எடுத்துவிட்டுப் பத்தை ஏற்ற மறந்தான். 18 வந்தால் பத்தை ஏற்றிவிட்டு மூன்றை விட்டுவிட்டான். 6 + 7-க்கு 11 என்றால், ஐந்தைக் கழித்தபின் திருப்பித் தரவேண்டிய இரண்டைத் தரவில்லை. ஆசிரியர் இதைப் பார்த்து அந்த ஓர் அசைவை மட்டும் திருத்துகிறாரா, அல்லது சிவப்பு மையால் கோடு போட்டு மறுபடி செய் என்கிறாரா என்பதைக் கவனி.

இன்னொன்றும் நடக்கும். சில பிள்ளைகள் மேசைக்கடியில் விரல்விட்டு எண்ணிவிட்டு, கிடைத்த விடையைக் கடைசியில் மணிகளில் வைத்துவிடுவார்கள். தாள் முழுக்க சரியாக இருக்கும், அபாகஸ் ஒன்றும் வந்திருக்காது. ஒவ்வொரு எண்ணைப் படித்ததும் மணி நகர்கிறதா, இல்லை வரிசை முடிந்தபின் ஒரே தடவையில் நகர்கிறதா என்று பார்த்தால் பிடித்துவிடலாம். விரல் முறையும் ஆரம்பத்திலேயே சரியாக வேண்டும்: கட்டைவிரல் கீழ்மணியை ஏற்ற மட்டும், மற்றதெல்லாம் ஆள்காட்டி விரல். சில நிலையங்கள் இரு கையாலும் நகர்த்தச் சொல்லும். இரண்டிலும் தேர்ந்தவர்கள் உண்டு, ஆனால் நடுவில் நிலையம் மாறினால் விரல் பழக்கத்தை முதலிலிருந்து மாற்ற வேண்டியிருக்கும். அதனால் இதைச் சேரும் முன்பே கேட்டுக்கொள்.

மனக்கணக்கை எப்போது தொடங்குவார்கள் என்பது அடுத்த கேள்வி. முதல் மாதத்திலேயே கண்ணை மூடச் சொல்கிறார்கள் என்றால் விளம்பரத்துக்குத்தான் அது. மணிகள் கண்ணுக்குள் வருவதற்கு, கையில் பல நூறு தடவை அவை நகர்ந்திருக்க வேண்டும். 27 வைத்துச் சட்டத்தை மூடிவிட்டு, "ஒன்றுகள் கம்பியில் எந்த மணியெல்லாம் நடுச்சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது?" என்று கேள். மேல்மணி ஒன்று, கீழ்மணி இரண்டு என்று தயங்காமல் சொன்னால் அவன் தயார். மனக்கணக்கின்போது விரல்கள் காற்றில் அசைவது இயல்பு, தடுக்காதே. தேர்ந்தவர்களுக்குக்கூட மனத்தில் ஒரே சமயத்தில் மூன்று நான்கு கம்பிகள்தான் தெளிவாக நிற்கும்.

பள்ளிக் கணக்கோடு ஒரு சிக்கல் வரும். தொடக்கநிலை ஒன்றில் 8 + 7-ஐ, ஏழை இரண்டும் ஐந்துமாகப் பிரித்து, 8-ஐப் பத்தாக்கி, 15 என்று சொல்லித்தருவார்கள். அபாகஸில் பத்தை ஏற்றி மூன்றை இறக்குகிறோம். பிறகு செங்குத்துக் கூட்டல் வரும்போது பள்ளி வலமிருந்து போகும், அபாகஸ் இடமிருந்து போகும். இரண்டையும் ஒரே மாதத்தில் முதன்முதலாகச் சந்திக்கும் பிள்ளை குழம்பிப்போகும். அதனால் என் யோசனை: இந்த ஜூன் விடுமுறைக்குள் தொடங்கி ஆண்டு இறுதிக்குள் ஐந்தின் நண்பர்களை முடித்துவிடு, அல்லது அடுத்த ஆண்டு ஜூன் வரை பொறு. முதல் இரண்டு ஆண்டுகளில் பள்ளியில் தேர்வும் கிடையாது, பறக்க வேண்டியதில்லை. வழிமுறையை எழுதச் சொல்லும் இடத்தில் விடையை மட்டும் எழுதக் கூடாது என்பதை மட்டும் அவனுக்குப் பழக்கிவிடு.

கட்டணத்தை மணிக்கணக்காக மாற்றி ஒப்பிடு. ஒருவர் மாதக் கட்டணம் சொல்வார், இன்னொருவர் பத்து வார டெர்முக்குச் சொல்வார். மாதம் 160 வெள்ளி, வாரம் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 9% பொருள் சேவை வரி சேர்ந்தால் 174.40, ஆறு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 29 வெள்ளி. அதன்மேல் பதிவு, புத்தகம், மணிச்சட்டம், வைப்புத்தொகை, நிலைத் தேர்வு, போட்டிக் கட்டணம் எல்லாம் தனி. போட்டி கட்டாயமா, தவறிய வகுப்புக்கு ஈடு உண்டா, நிறுத்துவதானால் எத்தனை வாரம் முன்பு சொல்ல வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கு. ஒரு டெர்முக்கு மேல் முன்பணம் கட்டவே கட்டாதே. பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ கற்பிக்கும் நிலையம் கல்வி அமைச்சில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருப்பதால் பாடம் தரமானது என்று ஆகாது, ஆனால் இல்லாத இடத்தில் சேர்க்காதே. உங்கள் பேட்டைச் சமூக மன்றத்திலும் விசாரி, அங்கே வகுப்பு நடந்தால் பெரும்பாலும் மலிவாக இருக்கும்.

வீட்டுப் பயிற்சிக்குத் தினமும் பதினைந்து நிமிடம், வாரம் ஐந்து நாள். ஞாயிறன்று ஒரு மணி நேரம் உட்காரவைப்பது இதற்கு ஈடாகாது, விரல் மறந்துவிடும். பத்துக் கணக்கில் ஒன்பது சரியாக வரும்வரை கடிகாரத்தை எடுக்காதே. நீங்கள் இருவருமே இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புகிறீர்கள் என்றால், இந்தப் பதினைந்து நிமிடத்தை யார் பார்த்துக்கொள்வது என்பதை முதலில் முடிவு செய். அம்மாவால் முடியும், 3 + 4-ஐயும் 8 + 7-ஐயும் அவருக்குக் காட்டிக்கொடுத்தாலே போதும்.

மாதிரி வகுப்புக்குப் போகும்போது நீயும் உள்ளே உட்கார அனுமதி கேள். இந்த வயதில் ஓர் ஆசிரியருக்கு எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் விரலை யாரும் பார்க்க மாட்டார்கள். அடுத்த நிலைக்கு எதை வைத்து ஏற்றுகிறீர்கள் என்று கேள். புத்தகம் முடிந்தால் ஏற்றுவோம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடு. பையன் செய்த பயிற்சித் தாளைப் படமெடுத்து அனுப்பு, தப்பான விடைகளை அழிக்காமல் அப்படியே. பார்த்துவிட்டு இரண்டு நிலையங்களில் எது என்று சொல்கிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

உன் தோழி