கையால் தைக்கும் காலணிப் பட்டறைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னை பெரியமேடு தோல் கடைகளை அடுத்த சந்துகளில், கையால் பூட்ஸ் தைக்கும் சிறு பட்டறைகள் குறைந்துவருவது வேதனையளிக்கிறது. பாதத்தைக் காகிதத்தில் வரைந்து, நாடாவால் சுற்றளவு எடுத்து, அதற்கேற்பப் பாத வடிவ மரக்கட்டையில் தோல் துண்டுகளை ஒட்டிப் பருமன் கூட்டி, ஈரத்தோலை அதன்மேல் இழுத்து ஆணியடித்து, மெழுகிட்ட நூலால் தைக்கும் வேலை அது. 19ஆம் நூற்றாண்டில் இயந்திரங்கள் வரும்வரை உலகெங்கும் காலணிகள் கையாலேயே உருவாயின. பசையால் மட்டும் ஒட்டியவற்றைப் போலன்றி, தைத்த பூட்ஸின் அடித்தோல் தேய்ந்தால் பிரித்துப் புதிதாகத் தைக்கலாம்.

1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவரும் இந்நகரில், மூத்த கைவினைஞர்களிடம் இளைஞர்கள் உதவித்தொகையுடன் தொழில் பயில அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். நீரிழிவு நோயாளிகளின் பாத அளவுக்கேற்பத் தைக்கும் காலணிகளுக்கும் இக்கைத்திறன் உதவும்; அதுவே முக்கியம் என்பேன்.

வாசகர், புரசைவாக்கம், சென்னை