உங்கம்மாவும் கிளார்க்குதான்

ஏட்டி பாப்பா,

நேத்து ராத்திரி நீ போன்ல அழுததை அப்பாகிட்ட சொல்லல. சொன்னா உடனே காரை எடுத்துட்டு கிளம்பிருவாரு, ஒன்பது மணி நேரம் ஓட்டணும், முதுகு வேற வலிக்குங்காரு. அதான் எழுதுறேன். இங்கிலீஷ்ல எழுதினா மனசுல இருக்கது எனக்கு வராது, பத்து வருஷம் சனிக்கிழமை தவறாம தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இழுத்துட்டுப் போனதுக்கு இன்னைக்காவது பலன் இருக்கட்டும், எழுத்துக் கூட்டி மெதுவா படி.

லா ஸ்கூல்ல புரொஃபசர் உன்னை எழுப்பி நெஃப் கேஸைக் கேட்டாரு, கதையெல்லாம் சொல்லிட்ட, "சரி, அந்தக் கோர்ட்டுக்கு அவன் மேல என்ன அதிகாரம்"னு கேட்டதும் முழிச்சிட்ட. அவ்வளவுதானே? அதுக்கா படிப்பையே விட்டுரலாமான்னு யோசிக்க? அது கூட பரவால்ல. "நான் கான்ஸ்டிட்யூஷன் படிக்க வந்தேன்மா, இந்த சம்மன், ஜூரிஸ்டிக்ஷன், டெட்லைன் எல்லாம் கிளார்க் வேலை மாதிரி இருக்கு"ன்னு சொன்ன பாரு, அதுதான் எனக்கு சுருக்குன்னுச்சு. உங்கம்மா கிளார்க்குடி.

94ல இருந்து 99 வரைக்கும், கல்யாணம் ஆகி இங்க அமெரிக்கா வர்ற வரைக்கும், ஒரு முன்சீப் கோர்ட்டுல ஜூனியர் அசிஸ்டென்ட்டா இருந்தேன், உனக்குத் தெரியும், ஆனா என்ன வேலைன்னு நீ கேட்டதே இல்ல. வக்கீல் குமாஸ்தா பிராதைக் கொண்டாந்து வைப்பாரு. சொத்து எங்க இருக்கு, நம்ம கோர்ட் எல்லைக்குள்ளயா, மதிப்பு சரியா போட்டிருக்கா, கோர்ட் ஃபீ சரியா ஒட்டியிருக்கா, கெடு தாண்டிட்டா, வக்காலத்துல கையெழுத்து இருக்கா, இதெல்லாம் பாத்துட்டுத்தான் நம்பர் போடுவோம். ஒண்ணு குறைஞ்சாலும் பின்னாடி எழுதி ரிட்டர்ன். நம்பர் விழுந்தாத்தான் அது கேஸு, அதுவரைக்கும் வெறும் பேப்பரு, எவ்வளவு நியாயம் உள்ள இருந்தாலும் சரி.

உன் நெஃப் கேஸையே எடுத்துக்க, நான் நேத்து உக்காந்து வாசிச்சேன். மிட்செல்னு ஒரு வக்கீலு, 300 டாலருக்கும் கம்மியான ஃபீஸ் பாக்கிக்கு நெஃப் மேல ஆரிகன் மாநிலக் கோர்ட்டுல கேஸ் போடுறான். நெஃப் அப்ப ஆரிகன்லயே இல்ல. சம்மன் கையில கொடுக்கல, ஒரு சர்ச் பத்திரிகையில விளம்பரம் போட்டு ஆள் வராமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வாங்கிட்டான். அப்புறம் நெஃப்போட நிலத்தை ஏலத்துக்குக் கொண்டாந்து தானே எடுத்து பென்னோயர்ங்கிறவன்கிட்ட தள்ளிவிட்டுட்டான். அப்படியே நம்ம ஊரு கதைடி இது! யாருமே வாங்காத பேப்பர்ல பப்ளிகேஷன் போட்டு ஆளுக்கே தெரியாம தீர்ப்பு வாங்குறதை நான் எத்தனை பாத்திருப்பேன். நெஃப் திரும்பி வந்து என் நிலம் எங்கடான்னு கேட்டு அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1878ல, ஆளே மாநிலத்துல இல்லாம, கையில நோட்டீஸும் கொடுக்காம, நிலத்தையும் முன்னாடியே அட்டாச் பண்ணி முடக்காம கொடுத்த தீர்ப்பு செல்லாதுன்னுட்டாங்க. இதுல பெரிய கூத்து, அந்த மிட்செல் பின்னாடி செனட்டர் ஆயிட்டான், பென்னோயர் கவர்னரே ஆயிட்டான்.

புரொஃபசர் கேட்டது இதைத்தான். அதிகாரம் எங்க இருந்து வந்துச்சு. இன்னைக்கு அந்த ரூல் அப்படியே இல்ல, 1945ல இன்டர்நேஷனல் ஷூன்னு ஒரு செருப்புக் கம்பெனி கேஸ்ல மாத்திட்டாங்க, அந்த மாநிலத்தோட ஓரளவாவது தொடர்பு இருந்தா அங்க இழுக்கலாம்னு. அடுத்த வாரம் உனக்கு அது வரும்னு நினைக்கேன், முன்னாடியே படிச்சுட்டுப் போ.

சரி, கான்ஸ்டிட்யூஷன்தான் வேணும்னா அதுக்கே வரேன். மார்பரி கேஸை எல்லாரும் ஏதோ கோயில் தலபுராணம் மாதிரி சொல்லுவாங்க, 1803, ஜான் மார்ஷல், கோர்ட்டுக்கு சட்டத்தையே ரத்து பண்ற அதிகாரம் வந்துச்சுன்னு. நான் படிச்சப்ப எனக்கு சிரிப்புத்தான் வந்துச்சு, ஏன்னா அது அடிப்படையில ரிட்டர்ன் ஆன பெட்டிஷன். தேர்தல்ல தோத்த பிரசிடென்ட் ஆடம்ஸ் போறதுக்கு முன்னாடி அவசர அவசரமா அவரு ஆளுங்களுக்கு ஜட்ஜ் போஸ்டிங் போடுறாரு. ஆர்டர்ல சீல் வச்சாச்சு, ஆனா சிலது டெலிவரி ஆகல. டெலிவரி பண்ண வேண்டிய மந்திரி யாரு? அதே மார்ஷல்! அவரு அதுக்குள்ள சீஃப் ஜஸ்டிஸ் ஆயிட்டாரு. புது கவர்மென்ட் வந்து, கொடுக்க மாட்டோம்னுட்டாங்க. அப்படி ஆர்டர் கைக்கு வராத மார்பரி, கொடுக்கச் சொல்லி உத்தரவு போடுங்கன்னு நேரா சுப்ரீம் கோர்ட்டுலயே மாண்டமஸ் மனு போட்டான், 1789 சட்டத்துல 13வது பிரிவு அப்படிப் போடலாம்னு சொல்லுதுன்னு. மார்ஷல் என்ன சொன்னாரு? உனக்கு உரிமை இருக்குப்பா, பரிகாரமும் இருக்கு, ஆனா நீ வந்த கோர்ட் தப்பு, சுப்ரீம் கோர்ட் எந்தக் கேஸை முதல்லயே எடுக்கலாம்னு அரசியல் சட்டம் 3வது ஷரத்துல எழுதி வச்சிருக்கு, அதை காங்கிரஸ், அதான் இங்கத்த பார்லிமென்ட், சாதா சட்டம் போட்டு கூட்ட முடியாது, அதனால அந்தப் பிரிவு செல்லாது. மார்பரிக்கு போஸ்டிங் கடைசி வரைக்கும் கிடைக்கல. தன் ஆபீஸ்ல தேங்கின தபாலுக்கு தானே தீர்ப்பு எழுதினது சரியான்னு கேட்டா எனக்கு சரியா படல, எங்க முன்சீப்பா இருந்தா வேற கோர்ட்டுக்கு மாத்திக் கொடுத்திருப்பாரு. அது வேற விஷயம். நான் சொல்ல வர்றது, நீ கொண்டாடுற அந்தப் பெரிய அதிகாரம் எங்க இருந்து வந்துச்சுன்னு பாரு, எந்தக் கோர்ட்டுல போடணும்ங்கிற கிளார்க் கேள்வியில இருந்துதான்.

இந்த ஊர்ல அந்தக் கேள்வி நம்ம ஊரை விட கஷ்டம். அங்க முன்சீப், சப் கோர்ட், ஜில்லா, ஹைகோர்ட், டெல்லின்னு ஒரே ஏணி. இங்க ஏணியே ஐம்பத்தொண்ணு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒண்ணு, அப்புறம் ஃபெடரல். ஃபெடரல்ல 94 டிஸ்ட்ரிக்ட் கோர்ட், 13 அப்பீல் கோர்ட், மேல சுப்ரீம் கோர்ட்டுல ஒன்பது பேரு. நம்ம நியூ ஜெர்சி ஃபெடரல் அப்பீல் பிலடெல்ஃபியாவுக்குப் போகும். ஆனா ஜனங்களோட சண்டையில பெரும்பகுதி மாநிலக் கோர்ட்டுலதான், விவாகரத்து, வாடகை, அடிதடி எல்லாம். அப்பா ஸ்பீடிங்ல மாட்டினாரே, அது டவுன் முனிசிபல் கோர்ட். இமிக்ரேஷன் கோர்ட்னு ஒண்ணு இருக்கே, அது பேருதான் கோர்ட்டு, அந்த ஜட்ஜுங்க ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் ஆளுங்க, ஆயுசு முழுக்க பதவியில இருக்கிற ஃபெடரல் ஜட்ஜுங்க மாதிரி இல்ல. இதை நான் ரொம்ப நாள் தெரியாமலே இருந்தேன்.

வேற மாநிலத்துக்காரன் மேல 75,000 டாலருக்கு மேல கேஸ்னா ஃபெடரலுக்குப் போகலாம், ஆனா அங்க போயி எந்தச் சட்டம்? அதுக்குத்தான் டாம்ப்கின்ஸ் கேஸு. பென்சில்வேனியாவுல ராத்திரி தண்டவாளத்து ஓரமா நடந்து போனவனை ரயில்ல நீட்டிக்கிட்டு இருந்த ஏதோ ஒண்ணு அடிச்சு வலது கை போயிருச்சு. பென்சில்வேனியா சட்டப்படி அவன் அத்துமீறி நடந்தவன், காசு கிடைக்கிறது கஷ்டம். அதனால வக்கீலுங்க நியூயார்க் ஃபெடரல் கோர்ட்டுல போட்டாங்க, அங்க ஃபெடரல் கோர்ட்டுக்குன்னு தனியா ஒரு பொதுச் சட்டம் இருக்குன்னு 1842ல இருந்து ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஜூரி, அதான் முடிவு சொல்ல உக்கார வைக்கிற பொதுஜனங்க, 30,000 டாலர் கொடுத்துச்சு. 1938ல சுப்ரீம் கோர்ட் அப்படி தனிச் சட்டமே கிடையாது, மாநிலச் சட்டத்தைத்தான் பாக்கணும்னு சொல்லிருச்சு, அவனுக்குக் கடைசியில ஒரு காசு கிடைக்கல. கோர்ட்டை மாத்தினா சட்டமே மாறிரக் கூடாதுங்கிறது நியாயம்தான், ஒத்துக்கிறேன். ஆனா கை போனவன் வெறுங்கையோட வீட்டுக்குப் போனான் பாரு, பரீட்சையில எழுதாட்டியும் அதை ஞாபகம் வச்சுக்க.

நீ பிறந்தப்ப நாங்க ரெண்டு பேரும் விசாவுலதான் இருந்தோம். நீ மட்டும் சிட்டிசன். அது அரசியல் சட்டத்தோட 14வது திருத்தம், ஆனா திருத்தத்துல எழுதினது மட்டும் போதல, வாங் கிம் ஆர்க்னு சான் ஃபிரான்சிஸ்கோவுல பிறந்த சமையல்காரர் ஒருத்தரு சைனா போயிட்டு 1895ல திரும்பி வந்தப்ப இறங்க விடாம கப்பல்லயே அடைச்சு வச்சாங்க. அவரு கேட்டது ஹேபியஸ் கார்பஸ், நம்ம ஆட்கொணர்வு மனுதான். அந்த ஒரு மனுவுல இருந்துதான் 1898ல இங்க பிறந்தா சிட்டிசன்னு தீர்ப்பு வந்துச்சு. அதே கோர்ட்தான் 1923ல பகத் சிங் திண்ட்ங்கிற பஞ்சாபிக்கு, இந்த நாட்டு ஆர்மியிலயே இருந்தவருக்கு, நீ வெள்ளைக்காரன் இல்ல, சிட்டிசன்ஷிப் கிடையாதுன்னு சொல்லுச்சு. 1946ல காங்கிரஸ் சட்டம் போட்டுத்தான் நம்ம ஆளுங்களுக்கு அந்த வழி திறந்துச்சு. 2012ல நான் சிட்டிசன்ஷிப் டெஸ்ட்டுக்குப் படிச்சப்ப நூறு கேள்வி கார்டையும் வச்சுக்கிட்டு நீதான் எனக்கு டீச்சர், பத்து வயசு, தப்பா சொன்னா தலையில குட்டுவ. அப்பல்லாம் பத்துல ஆறு சொன்னா போதும், நான் முதல் ஆறையும் சொல்லிட்டேன். சிட்டிசனுக்கு மட்டும் உள்ள கடமை என்னன்னு ஒரு கேள்வி, ஜூரின்னு சொன்னேன். சொன்ன வாய்க்கு, 2019ல கூப்பிட்டாங்க, நாள் முழுக்க உக்காந்தேன், முன்னாடி கோர்ட்டுல வேலை பாத்திருக்கேன்னு சொன்னதும் ஒரு வக்கீலு காரணமே சொல்லாம என்னை வேண்டாம்னு அனுப்பிட்டாரு. அஞ்சு டாலர் செக் வந்துச்சு.

இப்ப நான் யாருகிட்டயும் சொல்லாத ஒண்ணை சொல்றேன். அந்த முன்சீப் கோர்ட்டுல ஒரு பாட்டி, வக்கீல் இல்லாம தானே வந்துச்சு, யாரையோ வச்சு எழுதின பிராது, மகன் வீட்டை விட்டு விரட்டிட்டான்னு. கோர்ட் ஃபீ கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு, சொத்து விவரத்துல சர்வே நம்பர் இல்ல. நான் ரிட்டர்ன் எழுதினேன், டைம் ரெண்டு வாரம். இங்கிலீஷ்ல எழுதினேன், அப்படித்தான் எழுதுவோம். பாட்டி அதைக் கையில வச்சுக்கிட்டு என்னம்மா எழுதியிருக்குன்னு கேட்டுச்சு, எனக்கு முன்னாடி நாப்பது கேஸ் கட்டு இருந்துச்சு, வெளியில வக்கீல்கிட்ட கேளுங்கன்னுட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு வந்துச்சு. லேட்டுக்கு தனியா மன்னிப்பு மனு போடணும், அதுக்கு அஃபிடவிட், அதான் பிரமாணப் பத்திரம், வேணும். அதுக்கப்புறம் வரவே இல்ல. ரூல்படி நான் செஞ்சதுல ஒரு தப்பும் கிடையாது. அஞ்சு நிமிஷம் உக்காந்து தமிழ்ல சொல்லியிருக்கலாம்.

அதனாலதான் கிடியன் கேஸ் எனக்கு வேற மாதிரி. ஃப்ளோரிடாவுல 1961ல பில்லியர்ட்ஸ் மாதிரி ஆடுற ஒரு பூல் ரூமை உடைச்சு உள்ள புகுந்தான்னு பிடிச்ச ஆளு, வக்கீல் வைக்க காசு இல்ல, கோர்ட்டு வைக்கணும்னு கேட்டான், மரண தண்டனை கேஸுக்கு மட்டும்தான்னு ஜட்ஜ் சொல்லிட்டாரு, அஞ்சு வருஷம் ஜெயில். உள்ள இருந்து பென்சில்ல சுப்ரீம் கோர்ட்டுக்கு எழுதினான். எல்லாரும் அந்தப் பென்சிலைத்தான் சொல்லுவாங்க. ஆனா முதல் தடவை அவன் அனுப்பினது ரிட்டர்ன் ஆயிருச்சு பாப்பா! ஏழைன்னு அஃபிடவிட் வைக்கலன்னு. ரிட்டர்ன் பண்ணின கிளார்க்கு சும்மா திருப்பல, ரூல்ஸ் காப்பி ஒண்ணும் மாதிரி அஃபிடவிட் ஒண்ணும் கூட வச்சு அனுப்பியிருக்காரு. அதைப் பாத்து எழுதித்தான் அவன் திரும்ப அனுப்பினான், அதுக்குத்தான் நம்பர் விழுந்துச்சு. 1963 மார்ச் 18, ஒன்பது பேரும் ஒரே முடிவு, பெரிய கிரிமினல் கேஸ்ல ஏழைக்கு மாநிலம் வக்கீல் வச்சுக் கொடுத்தே ஆகணும்னு. மறுபடி விசாரணை, இந்தத் தடவை வக்கீலோட, ஜூரி ஒரு மணி நேரத்துல விட்டுருச்சு.

அன்னைக்கு அந்த கிளார்க்கு மேசையிலயும் நாப்பது கட்டு இருந்திருக்கும்.

பருப்புப்பொடியும் மாவடு ஊறுகாயும் பார்சல் போட்டிருக்கேன், வியாழக்கிழமை வரும், லாபி ரூம்ல போயி மறக்காம எடு, போன தடவை அஞ்சு நாள் கிடந்துச்சு. தேங்க்ஸ்கிவிங்குக்கு டிக்கெட் அப்பா போடுறேன்னாரு. திங்கக்கிழமை கிளாஸுக்குப் போ. அந்த கிடியன் கேஸ் உங்க கேஸ்புக்ல வரும்போது, ரிட்டர்ன் பண்ணின அந்த கிளார்க்கோட பேரு எங்கயாவது போட்டிருக்கானு பாத்துச் சொல்லு.

அம்மா