பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

கர்த்தருக்குள் அன்பான பாப்பாவுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான். அங்கே குளிர் அதிகமாமே, தலையில் ஏதாவது கட்டிக்கொண்டு வெளியே போ.

போன சனிக்கிழமை எழும்பூர் கிர்க்கில், அதுதான் நம் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்தில், சின்னத்தை மகள் கல்யாணம். உன் கல்யாணத்துக்கு அப்புறம் இப்போதுதான் உள்ளே போகிறேன். பார்த்தவர்கள் எல்லாம் "மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்?" என்றார்கள். நல்லா இருக்கிறார் என்று சொல்லிவிட்டு அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிட்டேன். குவிமாடத்தில் அதே நீலம், அதே தங்க நட்சத்திரங்கள். அதைத் தாங்கும் 16 தூண்களையும் சின்ன வயதில் சுற்றிச் சுற்றி எண்ணுவாயே.

ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் பிரஸ்பிட்டேரியன் சபைக்கென்று கட்டிய ஆலயம் அது. நீ இப்போது அவர்கள் ஊரிலேயே இருக்கிறாய். முகப்பும் கோபுரமும் லண்டன் செயின்ட் மார்ட்டின் ஆலயத்தின் சாயல். உள்ளே மட்டும் வட்டம். 1818இல் தொடங்கி 1821இல் முடித்துவிட்டார்கள். நான் வேலை பார்த்த இலாகாவில் அந்த மூன்று வருஷத்தில் டெண்டர்கூட முடிந்திருக்காது! கட்டிய மேஜர் டி ஹாவிலண்ட் மண்ணை நம்பவில்லை. 14 அடியிலிருந்து 50 அடி வரை சுமார் 150 கிணறுகளை இறக்கி, அதன்மேல்தான் கட்டடத்தை எழுப்பினார். நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த வேலைதான் அது. 51 அடிக்கு மேல் அகலமான குவிமாடம் செங்கல் சட்டம். இடைவெளியை மண் குடுவைகளால் அடைத்திருக்கிறார்கள், பாரம் குறைய. இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனிடம் சொன்னேன். போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். நீ என்றால் கேள்வி கேட்டிருப்பாய்.

சரி. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாட்ஸ்அப் படம் அனுப்பினாய், அவ்வளவுதான். அதிலும் நீ மட்டும். மாப்பிள்ளை படம் எடுத்திருப்பார் என்கிறாள் அம்மா. போனிலும் அவர் குரல் வருவதில்லை. வேலை அதிகமாக இருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை, அம்மாதான் கேட்கிறாள். உனக்குப் பதவி உயர்வு வந்ததைச் சபையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், கோபிக்காதே.

குளிரில் தலையை மூடிக்கொள்.

லீவு கிடைத்தால் வந்துவிட்டுப் போ. டிக்கெட் நான் போடுகிறேன். தனியாக வந்தாலும் சரி, யாரும் எதுவும் கேட்கமாட்டோம். அம்மாவிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

அப்பா