ஓப்பன் ஆஃபரில் எல்லாப் பங்கும் போகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கைமாறப்போகும் கம்பெனியின் பங்கை, அறிவித்த விலைக்குக் கீழே சந்தையில் வாங்கி ஓப்பன் ஆஃபரில், அதாவது கம்பெனியை வாங்குபவர் மற்ற பங்குதாரர்களின் பங்கையும் வாங்க விடும் அழைப்பில், கொடுத்துவிட்டால் வித்தியாசம் அப்படியே லாபம் என்று சென்ற இதழின் பங்குச்சந்தைப் பகுதியில் படித்தேன். வீடியோ கேம் கம்பெனியான ஆக்டிவிஷனின் பங்கை வாரன் பஃபெட் வாங்கிச் சேர்த்த கதையும் இருந்தது. 2022-ல் மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷனின் ஒரு பங்குக்கு 95 டாலர் தருவதாக அறிவித்தது உண்மைதான். ஆனால் அது மொத்தக் கம்பெனிக்குமான விலை. டீல் முடிந்தால் கையில் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் பணம் வந்துவிடும். நம் ஊர்ச் சட்டம் கட்டாயமாக்குவது கம்பெனியின் மொத்தப் பங்கில் 26 சதவீதத்துக்கு ஆஃபர் கொடுப்பதை மட்டும்.

இந்தியா சிமெண்ட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையில் அல்ட்ராடெக், புரமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருந்த உரிமையாளர்) தரப்பின் 32.72 சதவீதத்தைப் பங்குக்கு 390 ரூபாய் கொடுத்து வாங்க ஒப்புக்கொண்டது. மற்றவர்களுக்கும் அதே 390, ஆனால் 26 சதவீதம் வரைதான். முன்பே வாங்கியிருந்ததும் சேர்ந்து அல்ட்ராடெக் பக்கம் 55.49 சதவீதம். வெளியே மிச்சம் 44.51. அத்தனை பேரும் கொடுக்க வந்தால், 44.51-க்கு 26 என்ற கணக்கில் 100 பங்குக்கு 58தான் எடுப்பார்கள். பாக்கி 42 நம் டீமேட் கணக்கிலேயே கிடக்கும்.

ஒருவர் 370-க்கு 100 பங்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். போன 58-ல் லாபம் 1,160 ரூபாய். ஆஃபர் முடிந்ததும் விலை 340-க்கு இறங்கினால் நின்றுபோன 42-ல் நஷ்டம் 1,260. சரி, எல்லோருமா கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். நீண்ட நாள் வைத்திருப்பவர் கொடுக்காமல் போகலாம். ஆர்பிட்ரேஜுக்கென்றே, அதாவது இந்த விலை வித்தியாசத்துக்காகவே, வாங்கியவர் ஒருவர் விடாமல் கொடுப்பார். இந்தியா சிமெண்ட்ஸ் டீலுக்குப் போட்டி ஆணையத்தின் அனுமதி டிசம்பரில்தான் வந்தது. அதுவரை முடங்கிய பணத்துக்கு வட்டியை யார் கணக்குப் பார்த்தார்கள்? அப்புறம், குறுகிய கால லாபத்துக்கு 20 சதவீத வரி வேறு.

புரமோட்டர் தன் பங்கை முழுசாக விற்றுவிட்டுப் போகலாம், சிறு முதலீட்டாளருக்கு மட்டும் பாதி வாசல் என்பது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை. ஆஃபர் 100 சதவீதத்துக்கும் இருக்க வேண்டும் என்று 2010-லேயே பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி அமைத்த அச்சுதன் கமிட்டி சொன்னது. செபி 2011-ல் 26-ஓடு நிறுத்திக்கொண்டது.

அடுத்த முறை ஓப்பன் ஆஃபர் பற்றி எழுதுபவரிடம், விலைக்குப் பக்கத்திலேயே 100-க்கு எத்தனை பங்கு நிச்சயம் போகும் என்பதையும் போடச் சொல்லுங்கள். கம்பெனியின் பங்குதாரர் பட்டியலும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு