மடிப்பு இப்போது இடுப்பில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளின் உடல் பருமன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வேலைக்கு நடுவே கடையிலேயே உட்கார்ந்து படித்தேன். எழுதியவர் பெரிய நகரத்துக்காரர் போலிருக்கிறது. பீட்சா, பர்கர், வாசலுக்கு வந்து இறங்கும் பொட்டலம் என்று அதோடு நின்றுவிட்டார். நான் தென்காசிப் பக்கம் செங்கோட்டையில் 31 ஆண்டுகளாகப் பள்ளிச் சீருடை தைப்பவன். பீட்சாவைப் படத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைகளுக்கும் இடுப்பளவு ஏறிக்கொண்டே வருவதை என் அளவு நோட்டுகள் சொல்கின்றன. பழைய நோட்டுகளை நான் தூக்கிப் போடுவதில்லை. அதற்காக வீட்டில் ஏச்சு வாங்குவது தனிக்கதை.

முன்பெல்லாம் மே மாதக் கடைசியில் பையனை அழைத்துக்கொண்டு வரும் தகப்பன், “கீழே நாலு விரல் மடிப்பு விட்டுத் தையுங்கள் அண்ணாச்சி, பயல் வளர்வான்” என்பார். ஒரு கால்சட்டை இரண்டு வருடம் ஓட வேண்டும். இப்போதும் மடிப்புக் கேட்கிறார்கள், இடம்தான் மாறிவிட்டது. “இடுப்பில் உள்ளே துணி விட்டுத் தையுங்கள் அண்ணாச்சி, பொங்கலுக்குள் பிரிக்க வேண்டியிருக்கும்” என்கிறார்கள். உயரத்துக்கு விட்ட துணியை இன்று அகலத்துக்கு விட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு நடந்தது இது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன். நாடாவைச் சுற்றியதும் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே ஒட்டிக்கொண்டான். அவன் மூச்சு விடட்டும் என்று நாடாவைப் பிடித்தபடி காத்திருந்தேன். அவனும் விடவில்லை. முகம் சிவந்து கண் கலங்கிய பிறகுதான் விட்டான். நாடா 30 அங்குலம் காட்டியது. வழக்கம்போல நான் உரக்கச் சொன்னேன், உதவிப் பையன் எழுதிக்கொண்டான். வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றிலிருந்து இடுப்பளவை நான் வாய்விட்டுச் சொல்வதில்லை, நானே எழுதிக்கொள்கிறேன். இந்தப் புத்தி எனக்கு 20 வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

அந்தப் பையனின் தகப்பனார், “எங்கள் உடல்வாகு அப்படி அண்ணாச்சி, குடும்பமே இப்படித்தான்” என்றார். நான் உள்ளே போய் 1997ஆம் வருட நோட்டைத் தேடி எடுத்து வந்தேன். அவரும் ஐந்தாம் வகுப்பில் என்னிடம்தான் சீருடை தைத்தார். உயரத்தில் இருவருக்கும் அரை அங்குலம்கூட வித்தியாசமில்லை. அவர் இடுப்பு 23 அங்குலம். பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் நின்றார்.

உடல்வாகு பொய்யில்லை. கை கால் குச்சியாக இருந்தாலும் கொழுப்பை வயிற்றில் சேர்க்கும் வாகு நம்மவர்களுக்கு உண்டென்று புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். பிறக்கும்போதே அப்படித்தானாம். சட்டைக் கையைப் பிடித்துத் தைத்துவிட்டு வயிற்றுப் பக்கம் மட்டும் தளர்த்திவிடும் எங்களுக்கு அது புதிய செய்தியில்லை. ஆனால் ஒரே வாகுள்ள தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே வயதில் ஏழு அங்குலம் எங்கிருந்து வந்தது? அந்தத் தகப்பன் பள்ளிக்கு நடந்து போனவர். சாயங்காலம் குண்டாறு அணை வரை சைக்கிளில் போய் வருவார்கள். மகன் காலை 7.40க்கு வேனில் ஏறுகிறான். விளையாட்டு வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார், திருப்பித் தருவதில்லை. பள்ளி விட்டதும் டியூஷன். வீடு வந்து சேர இரவு எட்டாகிறது. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வியர்க்க ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அறுபது நிமிடத்தை இவனுடைய நாளில் எங்கே செருகுவது?

என் நோட்டில் இன்னொன்றும் தெரிகிறது, கட்டுரையாளர் தொடாதது. பிள்ளைக்குச் சீருடை தைக்கிற வீட்டில் பெரியவர்களுக்கும் நான்தான் தைக்கிறேன். மகனுக்கு இரண்டு அங்குலம் ஏறிய வருடத்தில் தகப்பனுக்கும் ஏறியிருக்கிறது, தாயின் ரவிக்கையையும் பிரித்துவிட்டிருக்கிறேன். நோய் காரணமாகப் பெருத்த பிள்ளை ஒன்றிரண்டு உண்டு, அது மருத்துவர் பார்க்க வேண்டியது. மற்றபடி, பிள்ளை மட்டும் தனியாகப் பெருத்த வீடு என் நோட்டில் அநேகமாக இல்லை.

எங்கள் பக்கத்து வீடுகளின் ராத்திரியைச் சொல்கிறேன். ஆண்கள் பலருக்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பிழைப்பு. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர்தானே, புனலூரும் கொல்லமும் எங்களுக்கு அயலூர் இல்லை. ரயிலிலோ பஸ்ஸிலோ திரும்பும்போது பையில் நேந்திரங்காய் சிப்ஸும் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் வரும். அங்கே சாயாவோடு தின்பதற்குப் பெயரே ‘கடி’. தகப்பன் பகலெல்லாம் இல்லாத குறையை அந்தப் பொட்டலத்தால் நிரப்புகிறார். வீட்டிலிருக்கும் பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். எண்ணிக்கை முடியும்வரை பிள்ளை தொந்தரவு செய்யாமல் இருக்க வேண்டும், அதற்குக் கைபேசி. எண்ணிக்கை முடியும்போது சோறு வடிக்கத் தெம்பிருக்காது. ஒன்பதரைக்குப் பரோட்டாவும் சால்னாவும் பொட்டலமாக வருகிறது. எங்கள் பார்டர் பரோட்டாவைப் பழிக்க எனக்கு மனம் வராது, நானும் தின்று வளர்ந்தவன். குற்றாலத்தில் சீசன் என்றால் சாரலில் நனைந்துவிட்டுத் தின்பது அது. வருடத்தில் நாலு நாள் தின்றது வாரத்தில் நாலு நாளாகிவிட்டது, அதுதான் சங்கடம். தின்ற கையோடு படுக்கை. படுத்தும் பதினொன்று வரை கைபேசி. பள்ளிப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும், தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். காலையில் அவனை எழுப்ப அம்மா படும் பாட்டை எங்கள் தெருவே கேட்கிறது.

இதில் யாரைக் குற்றம் சொல்ல? அந்த அம்மாவையா? நிச்சயமாக இல்லை. பாட்டிமாரை வேண்டுமானால் கொஞ்சம் சொல்லலாம். கொழுகொழுவென்று இருந்தால்தான் பிள்ளை என்பது அவர்கள் கணக்கு. தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் “பிள்ளை வாடிவிட்டான்” என்று இன்னொரு கரண்டி விழும். பசி அடங்கியது பிள்ளைக்குத் தெரியும், பாட்டிக்குத் தெரியாது. எடையைப் பற்றி யாராவது வாயெடுத்தால் கண் பட்டுவிடும் என்று அன்று சாயங்காலமே மிளகாய் சுற்றிப் போடுவார்கள்.

தாத்தாக்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், நானே சாட்சி. என் பேரன் தினமும் மாலை கடைக்கு வருவான், பத்து ரூபாய் கொடுப்பேன். எதிர்க்கடையில் பாக்கெட்டும் கலர் பாட்டிலுமாக மாறி வரும். என்ன தின்கிறாய் என்று மூன்று வருடம் நான் கேட்கவில்லை. ஊரார் பிள்ளைகளின் இடுப்பை அளந்தவன் சொந்தப் பேரனுக்கு அளவெடுத்த அன்றுதான் விழித்தேன்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கேரளத்தில் 2016இல் நிதியமைச்சர் தாமஸ் ஐசக் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 சதவீதக் கொழுப்பு வரி போட்டார். பெயர் பெற்ற நிறுவனங்களின் உணவகங்களுக்கு மட்டும்தான், எங்கள் பரோட்டாவும் அவர்கள் பழம்பொரியும் தப்பித்தன. மறு வருடம் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரி போய்விட்டது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. நல்ல விதிதான். ஆனால் 50 மீட்டர் என்பது என் அலமாரித் துணியை விரித்தாலே கடந்துவிடும் தூரம். வீட்டுக்குள் பொட்டலம் வருவதை எந்த நாடாவால் அளப்பது?

என் கடைக்கு வரும் மருத்துவர் ஒருவர் சொல்லித்தந்த ஒன்றை உங்கள் வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இடுப்பளவு உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். எடைக்கருவி, அட்டவணை எதுவும் வேண்டாம், ஒரு நாடா போதும். நாங்கள் கால்சட்டைக்கு எடுக்கும் இடத்தில் எடுக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், பிள்ளை மூச்சு விட்ட பிறகு எடுக்க வேண்டும். பாதியைத் தாண்டினால் பிள்ளையைத் திட்டாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பட்டினி போடுவது கூடவே கூடாதாம், வளர்கிற உடம்பு. உயரம் ஏற ஏற இடுப்பு அப்படியே நின்றாலே பாதி வேலை முடிந்தது என்றார். நான் சொன்ன பையன் அன்று 53 அங்குல உயரம். பாதி 26.5, அவனுடையது 30.

உலக அளவில் பள்ளி வயதுப் பிள்ளைகளில் எடை குறைந்தவர்களை விடப் பருமனானவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று 2025 செப்டம்பரில் யுனிசெஃப் அறிவித்தது. பருமன் 9.4 சதவீதம், எடைக்குறைவு 9.2. அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் நினைவுக்கு வந்தது.

அவன் போன வாரம் தகப்பனாரோடு வந்திருந்தான். கால்சட்டையில் பித்தான் அறுந்திருந்தது. வண்டி எங்கே என்றேன், நடந்துதான் வந்தோம் என்றார்கள். பித்தானைத் தைத்துக்கொடுத்ததும் தகப்பனார் சட்டையைத் தூக்கிக்கொண்டு, “எனக்கும் அந்த மருத்துவர் சொன்ன இடத்தில் எடுங்கள் அண்ணாச்சி” என்றார். எடுத்தேன். அவரும் மூச்சை இழுத்துப் பிடித்தார். மகன்தான் பார்த்துவிட்டு, “அப்பா, மூச்சு விடுங்கள்” என்றான்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரர்,
செங்கோட்டை.